அப்பாட்டச் சொல்லு

எங்கள் வீட்டில் யார் என்ன கோபத்தில் இருக்கிறார்கள் என்று அறிய முகம் பார்க்கத் தேவையில்லை, காது இருந்தால் போதும். வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலை வயல் வட்டையில் அப்பாவுக்கு வேளாண்மை. பின்னேரம் அங்கிருந்து திரும்பும்போது மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் நிறுத்தி, உருட்டிக்கொண்டு உள்ளே வந்தால் அன்றைக்குப் பிழையில்லை. இரைச்சலோடு கிணற்றடி வரைக்கும் ஓட்டிவந்து ஸ்டாண்டைப் படாரென்று போட்டால் முடிந்தது கதை. அம்மா வீட்டில் இருந்து துணி தைப்பவர். மனம் நன்றாக இருந்தால் மெசின் விட்டு விட்டு ஓடும், கோபம் என்றால் நிற்காமல் ஓடும். பதினாறு வயதில் நான் பாடப் புத்தகத்தைப் படித்ததைவிட இந்த இரண்டு சத்தத்தையும் படித்ததுதான் அதிகம்.

சும்மா சொல்லவில்லை. புத்தகம் மடியில் விரிந்து கிடக்கும், கண் எழுத்தில் நிற்கும், காது மட்டும் எழும்பி ஒழுங்கைக்குப் போய்விடும். தூரத்தில் யாருடைய மோட்டார் சைக்கிள் கேட்டாலும் வயிறு இறுகும். எங்கள் ஒழுங்கையில் அப்போது வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். என் வயிற்றின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை எழுதுகிற வருடம் வேறு.

சண்டை எதில் தொடங்கினாலும் வீட்டில் வந்துதான் முடியும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுப்பாள், கல்யாணம் முடித்து மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். வெளியூர்க்காரருக்குக் கேட்க நன்றாக இருக்கும். சண்டை என்று வந்தால் அந்த வழக்கத்துக்குக் கூரான பல் இருப்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். "இது என்ட அம்மா தந்த வீடு" என்று அம்மா ஒரு வசனம் சொன்னால் போதும். கல்யாணம் முடித்த நாளில் இருந்து அந்த வீட்டுக்கு ஓடு மாற்றி, கிணறு இறைத்து, சுண்ணாம்பு அடித்த மனிதர் அந்த நொடியே விருந்தாளி ஆகிவிடுவார். அப்பாவும் விடமாட்டார். "உன்ட வீடு இல்ல, என்ட மகள்ட வீடு. அவளுக்காகத்தான் மாடு மாதிரி உழைக்கிறன்" என்பார். இரண்டு பேரின் விரலும் என் பக்கம் நீளும். நான் யாரிடமும் வீடு கேட்கவில்லை. சத்தம் இல்லாத ஒரு மணித்தியாலம் கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

பிறகு வாந்தி தொடங்கியது. காலையில் தேத்தண்ணி வாயில் வைத்தால் அப்படியே திரும்பி வரும். பதினாறு வயதுப் பெண் காலையில் வாந்தி எடுத்தால் ஊருக்கு என்ன நினைப்பு வரும்? ஊரை விடுங்கள், என் சொந்தச் சின்னம்மாவுக்கே வந்தது. அம்மாவின் தங்கை, பக்கத்து வளவில் இருப்பவர். வேலிக்கு மேலால் என் வயிற்றைப் பார்த்த அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. அன்று மத்தியானம் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"உண்மையச் சொல்லு. ஆரோடயும்..."

"அம்மா! உங்களுக்கென்ன விசரா?"

"சத்தம் போடாத. மறுகா என்னத்துக்கடி காலையில சத்தி?"

உங்கள் இரண்டு பேராலும்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் 'பாருங்க, உங்களாலதான்' என்று அம்மாவும் 'இல்ல, உன்னாலதான்' என்று அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டு ஒரு கிழமை ஓட்டியிருப்பார்கள். தேசிக்காய் வெட்டினார்கள், கையில் நூல் கட்டினார்கள், கண்ணூறு கழித்தார்கள். ஒன்றுக்கும் வாந்தி நிற்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்த டொக்டர் சின்ன வயதுக்காரர். எல்லாம் சோதித்துப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். அம்மா விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. "வீட்டில சண்டை சச்சரவு இருக்கா?" என்று கேட்டார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா கைப்பையின் வாரைப் பார்த்தார். டொக்டருக்கு விளங்கிவிட்டது. "பிள்ளைக்கு முன்னால சண்டை பிடிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என்னைப் பெற்றவர்கள் ஒரு சொல்லை எப்படி நிறைவேற்றுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்கு முன்னால்தானே பிடிக்கக் கூடாது! நான் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்துப் பிடித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை ரியூசன் முடிந்து வந்து பார்த்தேன். என் அறைச் சுவரில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சாந்து உதிர்ந்து, செங்கல் இரண்டொன்று பாதி பெயர்ந்து நின்றது. கட்டில் முழுக்கச் சிவப்புத் தூள். சுவர் இடிக்கும் இரும்பு அலவாங்கு கிணற்றடியில் எறிபட்டுக் கிடந்தது. அம்மாவின் மெசின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவைக் காணவில்லை.

நடந்ததைச் சின்னம்மா சொன்னார். வேலிக்கு அங்கால் அவருக்குக் கேட்காதது எது? விறாந்தையின் ஒரு மூலையை அடைத்துச் செய்த அறை என்னுடையது, அதற்கு யன்னல் இல்லை. எனக்கு அடிக்கடி மூச்சு அடைக்கிறது என்று அப்பா ஒரு யன்னல் வைக்க நினைத்திருக்கிறார். அம்மாவிடம் ஒரு சொல் கேட்காமல் அலவாங்கை எடுத்துச் சுவரில் போட்டிருக்கிறார். அம்மா ஓடிவந்து, "ஆரக் கேட்டு என்ட அம்மாட சுவத்த இடிக்கிறீங்க?" என்று கத்தியிருக்கிறார். அப்பா அலவாங்கை முற்றத்தில் எறிந்து, கண்ணகி அம்மன் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கும்பிட்டிருக்கிறார். "அம்மாளாச்சி அறியச் சொல்றன். இனி இந்த வீட்டில ஒரு ஆணியிலயும் கை வைக்கமாட்டன்."

எங்கள் ஊரில் கோட்டில் கூண்டேறிப் பொய் சொல்லுகிறவர்கள்கூட அந்த அம்மன் பேரில் சொன்னதை மீற நடுங்குவார்கள். அப்பா மீறவில்லை. குசினிக் குழாய் ஒழுகியது, ஒழுகட்டும் என்று விட்டார். விறாந்தை பல்ப் எரிந்துபோனது, இருட்டில் இருந்தே சாப்பிட்டார். அம்மாவோடு கதைப்பதையும் நிறுத்தினார். அம்மா அவரைவிட முதலே நிறுத்திவிட்டார். எனக்கு யன்னல் வைக்கப் போய் வந்த வினை அது. சுவரில் அந்தப் பாதிக் குழி அப்படியே இருந்தது. காற்றும் வரவில்லை, எறும்பு மட்டும் வந்தது.

ஆனால் டொக்டர் சொன்னது முழுக்க நிறைவேறிவிட்டது பாருங்கள். வீட்டில் சண்டையே இல்லை! யாராவது வந்து பார்த்திருந்தால் எங்களைப் போல அமைதியான குடும்பம் இந்த வாவிக்கரையில் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்த அமைதிக்குள் சாமான் சட்டி, காசு, கறி, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

"புள்ள, அப்பாட்டச் சொல்லு, வயிறு எண்டு ஒண்டு இருந்தா வந்து கொட்டிக்கட்டாம்."

"அப்பா, சாப்பிட வரட்டாம்."

"அம்மாட்டச் சொல்லு, இந்த வீட்டுச் சோறு தொண்டைக்குள்ள இறங்குதில்ல எண்டு."

"அம்மா, அப்பா மறுகா சாப்பிடுவாராம்."

ஒரே விறாந்தையில், ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும் தூரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. இருந்தும் நான் சொன்ன பிறகுதான் மற்றவருக்குக் கேட்டதாகக் கணக்கு. இந்தப் பக்கத்து முள்ளைப் பிடுங்கிவிட்டு அந்தப் பக்கம் கொடுப்பேன், அந்தப் பக்கத்து முள்ளைப் பிடுங்கிவிட்டு இந்தப் பக்கம் கொடுப்பேன். பிடுங்கிய முள் எல்லாம் எங்கே போகும்? எனக்குள்தான் கிடந்தது. மத்தியானங்களில் விரல்கள் மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும், மூச்சு பாதியில் நின்றுவிடும். வகுப்பில் கேள்வியை வாசிப்பேன், கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோயிருக்கும். காலையில் கண் திறக்காமலே விட்டால் நல்லது என்று நினைத்த நாட்கள் இருந்தன. இதை இப்படி வெளியாகச் சொல்ல எனக்கு வருடக்கணக்காக முடியவில்லை.

அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக் கொட்டிலில் இருக்கும். ஒரு நாள் பார்த்தால் ஒன்றையும் காணவில்லை. அப்பா எல்லாவற்றையும் வட்டையில் உள்ள காவல் வாடிக்குக் கொண்டுபோய்ப் பூட்டியிருந்தார். அம்மாவும் தன் பங்குக்கு, நான் கிணற்றடியில் கொஞ்சம் சுணங்கினால் மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் ஒரே பயம். அந்தப் பயத்தை ஒருவருக்கொருவர் சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. அதை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பவும் முடியாதே.

நெல் வெட்டுக் காலம் வந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா வட்டையில் இருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டாண்ட் படாரென்று விழுந்த சத்தத்தை நான் முதலே கேட்டிருந்தேன். அம்மா மெசினை நிறுத்தினார். அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது, கோபத்தில் அந்த மெசின் ஒருநாளும் நின்றதில்லை.

"புள்ள, அப்பாட்டக் கேள். இந்த வீட்டில இருக்கிறதா, மாங்கேணிக்கு அவர்ட தங்கச்சி வீட்ட போறதா எண்டு. எனக்கு இண்டைக்கு ஒரு முடிவு வேணும்."

"அம்மா..."

"போய்க் கேள்."

போனேன். கேட்டேன். எந்த முள்ளையும் பிடுங்கவில்லை, பிடுங்கினால் அதில் ஒன்றும் மிஞ்சாது. அப்பா வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குப் பழக்கம். அது இல்லை.

"அம்மாட்டச் சொல்லு, வெட்டு முடிய நான் போறன் எண்டு. இனி வரமாட்டன்."

கிணற்றடிக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு மாமரம் இருக்கிறது. அந்த மரத்தடியில் நின்று இதை எப்படி மாற்றிச் சொல்வது என்று யோசித்தேன். இத்தனை மாதம் எதையெதையோ மாற்றினேனே, இதற்கு ஒரு சொல் வராதா? வரவில்லை. நான் வாயைத் திறந்தால் அந்தக் குடும்பம் முடிந்தது. அம்மா மெசினடியில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

அவரைத் தாண்டி என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன்.

ஒன்றும் செய்யும் எண்ணத்தில் இல்லை, இதை யாரும் பிழையாக நினைக்கக் கூடாது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு வெளியே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் உள்ளே போனதும் மூச்சு அடைத்தது. விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. கால் மடங்கித் தரையில் இருந்தேன், பிறகு சரிந்தேன். நெஞ்சுக்கு மேல் நெல் மூட்டை ஏற்றினதுபோல் ஒரு பாரம். வெளியே அம்மா தட்டுவது கேட்டது.

"புள்ள. கதவத் திற. என்ன சொன்னவர்?"

பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். "புள்ள! மனே! கதவத் திற மனே!" கையால் அடித்தார், பிறகு உடம்பால் மோதினார். அது அம்மம்மாவின் தகப்பன் காலத்து முதிரை மரக் கதவு, அசையுமா? அப்பா ஓடிவரும் காலடி கேட்டது. கொண்டியைத் திறக்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது, கை எழும்பவில்லை. கத்த வேண்டும் என்று விளங்கியது, குரல் இல்லை.

இரும்பு தரையில் இழுபடும் சத்தம் வந்தது. அப்பா அலவாங்கை எடுத்து வந்துவிட்டார். வந்தவர் கதவடியில் நின்றுவிட்டார். அடி விழவில்லை. அந்த நிற்றலை நான் கதவுக்கு இந்தப் பக்கம் கிடந்து கேட்டேன். அது அவருடைய கதவு இல்லை. ஒரு ஆணியிலும் கை வைக்கமாட்டேன் என்று அம்மன் அறியச் சொன்னவர். உள்ளே மகள், கையில் அலவாங்கு, அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது.

அப்போதுதான் அம்மா கதவில் வாயை வைத்து, அழுதுகொண்டே கத்தினார்.

"புள்ள! அப்பாட்டச் சொல்லு, கதவ உடைக்கச் சொல்லி!"

என் கடவுளே. பக்கத்தில், கை தொடும் தூரத்தில் அந்த மனிதர் நிற்கிறார். பூட்டிய கதவுக்கு உள்ளே, மூச்சில்லாமல் கிடக்கிற என்னிடம் சொல்லி அனுப்புகிறார்! அதைவிடக் கேவலம், நானும் வாயைத் திறந்தேன். 'அப்பா, கதவை உடைக்கட்டாம்' என்று சொல்ல என் உதடு தானாக அசைந்தது. பழக்கம். காற்று மட்டும்தான் வந்தது.

வெளியே எல்லாம் நின்றது. அம்மாவுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். பிறகு நான் பல மாதமாகக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். அம்மா குரல், திசை மாறி.

"இஞ்சருங்க. உடைங்க."

"அம்மாளாச்சி அறியச் சொன்னனான்..."

"அந்தச் சத்தியம் என்ட தலையில வரட்டும். என்ட கதவு. நான் சொல்றன். உடைங்க!"

"புள்ள கதவுக்குக் கிட்டக் கிடந்தா? பட்டிரும்."

"மேல போடுங்க. கொண்டிப் பக்கம். நான் பிடிக்கிறன், நீங்க போடுங்க."

"கைய எடு. உன்ட கை போயிரும்."

நான் தரையில் கிடந்து அழுதேன். பயத்தில் இல்லை. அவர்கள் கதைக்கிறார்கள்! ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்கிறார், நடுவில் நான் இல்லை. அழ அழ மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, விரலும் விரிந்தது. அந்த நேரம் நினைத்திருந்தால் தவழ்ந்து போய்க் கொண்டியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. முதிரை பிளந்து கொண்டி பறக்கும் வரைக்கும் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

பிறகு வேறொரு கிளினிக்குக்குப் போனோம், மனநலத்துக்கென்று இருப்பது. அங்கே இருந்த டொக்டரம்மா என்னோடு தனியாகக் கதைத்தார், அவர்களோடும் கதைத்தார். மருந்தும் கொஞ்சக் காலம் எடுத்தேன். ஒரு நாளில் சுகம் வரவில்லை. நல்ல நாள் வரும், அடுத்த நாள் பழையபடி விழுவேன். சோதனையை ஒரு தடவை தவறவிட்டு மறுகா எழுதினேன். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு அம்மா தனியாகக் கோயிலுக்குப் போய், சத்தியம் முறித்த குற்றம் என்னுடையது என்று சொல்லி படையல் மடைக்குச் சாமான் கொடுத்து விழுந்து கும்பிட்டு வந்தார். பிறகு அப்பா சுவரை முழுக்க இடித்து யன்னல் வைத்தார். உயரம் சரியில்லை என்று அம்மா கத்த, தெரிந்தால் நீயே வை என்று அப்பா கத்த, பட்டப்பகலில், எனக்கு முன்னாலேயே நல்ல சண்டை. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் குசினிக்குள் இருந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன், லீவுக்கு வீட்டுக்கு வருவேன். போன மாதம் வந்திருந்தபோது ஒரு பின்னேரம் அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"அண்டைக்குக் கிணத்தடியில அப்பா என்னடி சொன்னவர்?"

அத்தனை வருடமும் அவர் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சொல் அப்படியே என் தொண்டைக்குள் இருந்தது. அப்பா மாமரத்தடியில் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அந்தா இருக்கிறார். நீங்களே கேளுங்க."

அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழும்பி முற்றத்துக்கு இறங்கிப் போனார். நான் அவரோடு போகவில்லை. யன்னலடியில் இருந்தேன்.

"இஞ்சருங்க. அண்டைக்கு நான் கேக்கச் சொன்னதுக்கு என்ன சொன்னீங்க?"

அப்பா நிமிரவில்லை. கையில் இருந்த கிறீசைத் துணியில் துடைத்தார்.

"போறன் எண்டு சொன்னனான்."

"மறுகா ஏன் போகல்ல?"

"நீ என்னோட கதைச்சிட்டாயே" என்றார் அப்பா. "கதவ உடைக்கச் சொல்லி."